நடக்கும்போது என்ன வேகத்தில் பாட்டு?

ட்ரெட்மில்லில் ஏறிப் பத்து நிமிடம் ஆவதற்குள் கண் கடிகாரத்தைத் தேடுகிறதா? பாட்டின் வேகத்தை மாற்றிப் பாருங்கள். உடற்பயிற்சி என்றாலே அதிவேகப் பாட்டுதான் என்று பலர் நினைக்கிறோம். ஆனால் இசையையும் உடற்பயிற்சியையும் பல ஆண்டுகள் ஆராய்ந்த, லண்டன் புருனெல் பல்கலைக்கழகத்தின் காஸ்டாஸ் கராகியோர்கிஸ் குழு, ட்ரெட்மில்லில் விறுவிறுவென்று நடந்தவர்களை வைத்துப் பார்த்தபோது, நடுத்தர வேக இசையே மனத்தை நடையில் அதிகம் ஆழ்த்தியது. முழுக்க வேகமான பாட்டும் வேகம் மாறிமாறி வந்த பாட்டும் அதற்குப் பின்னால்தான்.

நடுத்தரம் என்றால் நிமிடத்துக்குச் சுமார் 120 தாளத் தட்டு. இதை அறிய ஆப் எதுவும் வேண்டாம். பாட்டைப் போட்டு, 15 விநாடியில் எத்தனை முறை கால் தட்டுகிறது என்று எண்ணி நான்கால் பெருக்குங்கள். 15 விநாடியில் 30 தட்டு வந்தால் சரி. (குத்துப்பாட்டு என்றால் எண்ணுவதற்குள் ஆடத் தோன்றும், அது வேறு கதை.)

அப்புறம், மூச்சு முட்ட ஓடும்போது இந்த உத்தி அவ்வளவாக எடுபடாது. அப்போது கவனமெல்லாம் நெஞ்சுக்கும் காலுக்கும் போய்விடும். சாலையில் நடப்பவர்கள் ஒரு காதையாவது திறந்து வையுங்கள்.