மண் பாதை வளைவில் வண்டி சாயட்டும், உடம்பு நிமிரட்டும்

தார்ச்சாலையில் பைக் ஓட்டும்போது வளைவு வந்தால் உடம்பை உள்பக்கம் சாய்த்தே பழகியிருப்போம். மோட்டோஜிபி பைக் பந்தய வீரர்கள் முழங்கால் தரையில் உரசத் திரும்புவதைப் பார்த்து அது மனதிலும் பதிந்திருக்கும். அதே பழக்கத்தோடு செம்மண்ணிலோ பொடிக்கல்லிலோ திரும்பினால் முன்சக்கரம் சட்டென்று வழுக்கும். மண்ணில் புதிதாக இறங்குபவர்களிடம் நான் அதிகம் பார்க்கும் தவறு இதுதான்.

சமதளமான மண் வளைவில் வண்டியை மட்டும் சாய்க்க வேண்டும், உடம்பு நிமிர்ந்தே இருக்க வேண்டும். வண்டி நன்றாகச் சாய்ந்தால்தான் டயரின் ஓரத்துப் பற்கள் மண்ணைக் கவ்வும். உடம்பு டயருக்கு நேர் மேலே இருந்தால், சக்கரம் கொஞ்சம் நழுவினாலும் சமாளித்துவிடலாம்.

அதற்கு எடை வெளிப்பக்க ஃபுட்பெக்கில், அதாவது கால் வைக்கும் கட்டையில், இறங்க வேண்டும். வலப்பக்கம் திரும்பினால் இடது கால். பலர் மிதிப்பதாக நினைத்துக்கொள்கிறார்கள், ஆனால் எடை முழுக்க சீட்டில்தான் இருக்கும். சீட்டின் நடுவில் உட்காராமல் வெளி ஓரத்துக்கு நகருங்கள். சீட்டின் விளிம்பு இரண்டு புட்டங்களுக்கும் நடுவில் வர வேண்டும், வெளிப்பக்க முழங்கால் டேங்கை அழுத்த வேண்டும். பின்னால் தள்ளி உட்கார்ந்தால் முன்சக்கரத்தில் பாரம் குறைந்து வண்டி திரும்பாமல் நேராக ஓடும். டேங்கை ஒட்டி உட்காருங்கள்.

உட்காரும் நேரமும் முக்கியம். பிரேக் பிடிக்கும்போதே உட்கார்ந்துவிட்டால் குழியின் அதிர்ச்சியெல்லாம் சீட் வழியாக ஏறி உடம்பைத் தூக்கிப்போடும். நின்றபடியே வேகத்தைக் குறைத்து, ஆக்சிலேட்டர் கொடுக்கப் போகும் இடத்தில் உட்காருங்கள்.

உள்பக்கக் காலைப் பக்கவாட்டில் விரிப்பது ஆபத்து. ஒருமுறை என் பூட்ஸ் வேரில் மாட்டிப் பின்னால் இழுபட்டு, முழங்கால் வாரக்கணக்கில் வீங்கியிருந்தது. காலை முன்சக்கர அச்சை நோக்கி நீட்டுங்கள். முட்டி லேசாக மடங்கி, கால்விரல்கள் மேல்நோக்கி இருக்கட்டும். உட்கார்ந்து காலை நீட்டுவதெல்லாம் நூறு கிலோவைச் சற்றே தாண்டும் மோட்டோகிராஸ் (மண் பந்தய) வண்டிக்குச் சரி. 196 கிலோ ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450-ஐக் காலால் தாங்க நினைக்காதீர்கள். அதில் இரண்டு காலையும் பெக்கிலேயே வைத்து, நின்றபடி வெளிப்பக்கம் மிதித்துத் திரும்புவதுதான் பாதுகாப்பு.

அப்புறம் வெளிப்பக்க முழங்கை. அது தொங்கினால் தோளும் இறங்கும், உடம்பு தானாக உள்ளே சாயும். ஆக்சிலேட்டரை நேராகப் பிடித்துவிட்டு முறுக்கினால் முழங்கை கீழே போய்விடும். கதவுக் குமிழைப் பிடிப்பதுபோல் சற்றுச் சாய்வாகப் பிடித்தால் முறுக்கும்போதும் முழங்கை மேலேயே நிற்கும். பார்வை முன்சக்கரத்தில் இருக்கக் கூடாது, வளைவு முடியும் இடத்தில் இருக்க வேண்டும்.

ஆழமான வண்டித் தடத்துக்குள் திரும்பும்போது மட்டும் இந்தக் கணக்கு மாறும். அங்கே வெளிப்பக்கம் எடையைப் போட்டால் சக்கரம் தடத்தின் சுவரில் ஏறிவிடும். வண்டி எவ்வளவு சாய்கிறதோ அவ்வளவே உடம்பும் சாயட்டும்.

பழக ஒரு காலி மைதானம் போதும். ஒரு கல்லை நட்டு, முதல் கியரில் ஒரே திசையில் பத்துச் சுற்று வாருங்கள். நிறுத்தியதும் வெளிப்பக்கத் தொடை வலிக்கிறதா என்று பாருங்கள். வலிக்கவில்லை என்றால் நீங்கள் இன்னும் சீட்டில்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள்.