கம்மாலைக்கு மின் உலை: வாங்க முதல் மீற்றர் பெட்டியைப் பாருங்கள்

லொறி வில்லுத்தகட்டில் கொடுவாக்கத்தி அடிப்பவர்களுக்கு வன்னியில் குறைவில்லை. கரி உலையில் சிவக்க வைத்து, நிறத்தைப் பார்த்து எண்ணெயில் தோய்த்தால் பெரும்பாலும் சரிவரும். ஆனால் அதே சிவப்பு கொட்டில் நிழலில் ஒரு மாதிரி, சித்திரை வெயிலில் இன்னொரு மாதிரி. இரும்பில் காந்தம் ஒட்டாமற் போவது 770 பாகை செல்சியஸ் அளவில். வில்லுத்தகட்டுக்கு வேண்டியதோ 820 முதல் 840 வரை. அந்த இடைவெளியைக் கண்ணால் பிடிப்பது கை தேர்ந்தவருக்கும் கஷ்டம். சூடு கூடிப்போனால் உருக்கின் உள்ளே இருக்கும் நுண்மணிகள் பெருத்து, அலகு பிஸ்கட் மாதிரி முறியும். சொன்ன சூட்டில் அசையாமல் நிற்பதற்காகத்தான் மின் உலைக்குக் காசு கொடுக்கிறோம். எவ்வளவு உச்சத்துக்குப் போகும் என்பது இரண்டாம் பேச்சு.

1. மின்சாரம்

வீட்டு இணைப்பு பெரும்பாலும் 230 வோல்ற், ஒற்றைக் கட்டம், 30 அம்பியர். கணக்குப்படி 6.9 கிலோவாற் வரும். வீடும் அதிலேதான் ஓட வேண்டும். 3 கிலோவாற் உலை 13 அம்பியர் இழுக்கும். அதைச் சாதாரண 13 அம்பியர் பிளக்கில் மணிக்கணக்காக ஓட்டாதீர்கள், பிளக் உருகும். பிரதான பெட்டியிலிருந்து தனி வயர், தனி பிறேக்கர், நல்ல எர்த். இதை மின் வேலை தெரிந்தவரே செய்யட்டும்.

பின்னேரத்தில் பக்கத்து வளவுகளில் தண்ணீர் பம்பு ஓடும்போது வோல்ற் எவ்வளவுக்கு இறங்குகிறது என்று ஒரு மீற்றரை வைத்துப் பாருங்கள். 200க்கு இறங்கினால் உலையின் வலு முக்கால்வாசியாகிவிடும். 230இலேயே முக்கி முக்கி 1000 பாகையைத் தொடுகிற மலிவு உலை அப்போது பாதி வழியில் நின்றுவிடும்.

வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர் அனுப்புகிற உலை என்றால் தகட்டில் எழுதியிருப்பதை வாசியுங்கள். 120 வோல்ற் உலையை இங்கே நேராகச் செருகினால் கிட்டத்தட்ட நாலு மடங்கு வலு பாய்ந்து சூடாக்கும் சுருள் எரியும். 240 வோல்ற் உலை ஓடும், வலு எட்டு வீதம் குறையும்.

2. நீளம்

நீங்கள் செய்யும் மிக நீளமான அலகை அளந்து, அதற்கு மேல் நாலு அங்குலம் சேருங்கள். கதவுப் பக்கம் எப்போதும் சூடு குறைவு, அங்கே நுனி இருக்கக் கூடாது. அகலமும் உயரமும் ஆறு அங்குலம் வந்தால் கத்தி வேலைக்குத் தாராளம். பெரிதாக வாங்கினால் வெறும் இடத்தைச் சூடாக்கத்தான் கரண்ட் காசு போகும்.

3. உச்சச் சூடு

வில்லுத்தகடு, அரம் போன்ற கரி உருக்குகளுக்கு 850 பாகை போதும். டீ2 என்ற கருவி உருக்கு, துருப்பிடிக்காத கத்தி உருக்குகள் என்று போனால் 1010 முதல் 1080 வரை வேண்டும். ஆகவே 1200 என்று எழுதிய உலை போதுமானது. இரும்பை இரும்போடு ஒட்டும் வேலைக்குக் கரி உலையையே வைத்திருங்கள். ஒட்டுவதற்குத் தூவும் வெண்காரம் உருகி வழிந்தால் மின் உலையின் செங்கல்லை அரித்துவிடும்.

4. கட்டுப்பாட்டுப் பெட்டி

இங்கேதான் காசைக் கொட்ட வேண்டும். மட்பாண்ட உலைகளில் பல மெதுவாக ஏறிப் போவதற்காகச் செய்தவை. இருபது பாகை தாண்டினாலும் சட்டிக்குப் பெரிய பாதிப்பில்லை, கத்திக்கு உண்டு. பிஐடி கட்டுப்பாடு (சொன்ன சூட்டை நெருங்கும்போதே கரண்டை அளவாகக் குறைத்து, தாண்டாமல் பிடிப்பது) இருக்கிறதா, ஏறும் வேகத்தையும் நிற்கும் நேரத்தையும் தனித்தனியாகக் கொடுக்கலாமா என்று கேளுங்கள். 200 பாகையிலும் ஆடாமல் நின்றால் தோய்த்த பிறகு ரெம்பர் பண்ணவும், அதாவது அலகு முறியாதபடி மெல்லத் திரும்பச் சூடாக்கவும், அதே உலை உதவும்.

சூடு அளக்கும் கம்பி (தேர்மோகப்பிள்) கே வகை என்றால் போதும். ஆனால் அது காலப்போக்கில் பிழை காட்டத் தொடங்கும். அதைப் பிடிக்கக் கறி உப்பு உதவும். சுத்தமான உப்பு உருகுவது 801 பாகையில். ஒரு சிட்டிகையைச் சின்ன எவர்சில்வர் மூடியில் வைத்து, அலகு இருக்கும் இடத்தில் விட்டு, 790இல் பத்து நிமிடம் நிறுத்துங்கள். மணி மணியாகவே இருக்க வேண்டும். 810க்கு ஏற்றினால் தண்ணீர் மாதிரித் தெளிந்து பரவ வேண்டும். 790இலேயே உருகினால் பெட்டி குறைத்துக் காட்டுகிறது. 810இலும் உருகாவிட்டால் கூட்டிக் காட்டுகிறது. சிட்டிகைக்கு மேல் வேண்டாம், உப்பாவி சுருளைத் தின்னும்.

5. கதவு

கதவைத் திறந்ததும் கரண்ட் தானாக நிற்கும் சுவிட்ச் இல்லாத உலையை வாங்கவே வேண்டாம். உள்ளே சுருள்கள் வெளியே தெரிய ஓடுகின்றன, இரும்புக் குறடு ஒன்றில் பட்டால் 230 வோல்ற் கைக்கு வரும். மேலே தூக்கும் கதவோ பக்கவாட்டுக் கதவோ, கத்தியை எடுத்த கையோடு எண்ணெய் வாளிக்குப் போகும் வழியை மறிக்கக் கூடாது.

6. முதற் சூடு

மாரியில் வந்திறங்கிய உலை என்றால் செங்கல் ஈரம் குடித்திருக்கும். முதலில் 100 பாகையை ஒட்டி இரண்டு மூன்று மணித்தியாலம், கதவை ஒரு விரலளவு திறந்து உலர விடுங்கள். திறந்த கதவில் சுவிட்ச் கரண்டை நிறுத்தினால் சூடாக்கி, திறந்து, திரும்ப மூடி மாறி மாறிச் செய்யுங்கள். சுவிட்சைக் கட்டி வைக்க வேண்டாம். பிறகு உலையோடு வந்த புத்தகத்தின்படி வெறும் உலையை ஒரு தடவை மேலே ஏற்றி இறக்குங்கள். சுருளில் காப்புப் படலம் பிடிக்கும். அதற்குப் பிறகு சுருளைக் குளிரில் வளைக்காதீர்கள், சட்டென்று ஒடியும். இடி முழங்கும் நாளில் பிறேக்கரை இறக்கிவிடுங்கள்.