ஆர்த்தோ பிஜிக்கு: தீசிஸ் ஒரு பக்கம், ஆபரேஷன் தியேட்டர் ஒரு பக்கம் என்று பிரிக்காதீர்கள்

எம்.எஸ். ஆர்த்தோ (எலும்பு அறுவை சிகிச்சைக்கான பிஜி, அதாவது முதுநிலைப் படிப்பு) சேர்ந்த முதல் மாதம் எல்லோருக்கும் ஒரே கவலைதான், கேஸ் எப்போது கைக்கு வரும்? தீசிஸை மூன்றாம் வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஓரமாக வைத்துவிடுவோம். நானும் வைத்தேன், அந்த அனுபவத்தில்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு கணக்கு. மொத்தம் 36 மாதம். தலைப்பு முடிவாகி எத்திக்ஸ் கமிட்டி அனுமதி கைக்கு வர ஏறக்குறைய 6 மாதம். தேர்வுக்கு 6 மாதம் முன்பே தீசிஸை ஒப்படைத்தாக வேண்டும். எழுத, கைடு திருத்த, மறுபடி எழுத 3 மாதம். கடைசியாகச் சேர்த்த நோயாளியையும் 6 மாதமாவது பின்தொடர வேண்டும். இதையெல்லாம் கழித்தால் நோயாளிகளைச் சேர்க்கக் கையில் இருப்பது 15 மாதம்தான், அதில் மாவட்ட மருத்துவமனைப் பணிக்கு 3 மாதம் போய்விடும்.

அதனால் தலைப்பை உங்கள் யூனிட்டுக்குத் தினமும் வரும் கேஸிலிருந்து எடுங்கள். சீனியர் யாராவது 'அபூர்வமான கட்டி ஒன்றை எடு, பெயர் வரும்' என்பார். வராது, நோயாளியே வரமாட்டார். நம் ஊர் காஷுவால்டியில் ராத்திரி பதினொரு மணிக்கு ஸ்ட்ரெச்சரில் வருவது பைக் விபத்தில் முழங்காலுக்குக் கீழே எலும்பு வெளியே தெரிகிற கேஸ்தான், அதிலேயே கேட்க எத்தனையோ கேள்விகள் இருக்கின்றன. கோவை கங்கா மருத்துவமனையில் ராஜசேகரன் குழு 2006-இல் வெளியிட்ட ஸ்கோரும் இந்த மாதிரி கேஸிலிருந்து வந்ததுதான். தோல், எலும்பு, தசை-நரம்பு என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக மார்க் போட்டு, காலைக் காப்பாற்ற முடியுமா என்று பார்க்கும் முறை அது.

தலைப்பு முடிவானதும் கம்யூனிட்டி மெடிசின் துறையில் புள்ளியியல் தெரிந்தவரிடம் உட்கார்ந்து எத்தனை பேர் வேண்டும் என்று கணக்குப் போட்டுவிடுங்கள். டேட்டா சேர்த்த பிறகு போனால் அவர் பரிதாபமாகப் பார்ப்பார், அவ்வளவுதான். எத்திக்ஸ் அனுமதிக்கு முன் ஒரு நோயாளியைக்கூடச் சேர்க்காதீர்கள். சிகிச்சை முறையை ஒப்பிடும் ஆய்வு என்றால் சிடிஆர்ஐ (மருத்துவ ஆய்வுகளுக்கான இந்தியப் பதிவேடு) பதிவும் முதல் நோயாளிக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். சென்னையிலுள்ள தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் நடத்தும் அடிப்படை ஆராய்ச்சி ஆன்லைன் கோர்ஸை முதல் வருடத்திலேயே முடித்துவிடுங்கள், பிறகு டியூட்டிக்கு நடுவே வீடியோ பார்க்கத் தூக்கம்தான் வரும்.

சரி, இதற்கும் கத்திக்கும் என்ன சம்பந்தம்?

டிபியாவில் (முழங்காலுக்குக் கீழுள்ள பெரிய எலும்பு) நெயில் (எலும்புக்குள் செலுத்தும் உலோகக் கம்பி) போட்ட கேஸ்களை எடுத்துக்கொள்ளுங்கள். எலும்பு கூடியதா என்று பார்க்க ரஸ்ட் என்று ஒரு ஸ்கோர் உண்டு. நேர் எக்ஸ்-ரேயில் உள்பக்கம், வெளிப்பக்கம், பக்கவாட்டு எக்ஸ்-ரேயில் முன்பக்கம், பின்பக்கம் என்று நான்கு கார்டெக்ஸ் (எலும்பின் கெட்டியான வெளிச்சுவர்). முறிவுக் கோடு தெரிகிறது, காலஸ் (முறிவைச் சுற்றி வளரும் புது எலும்பு) இல்லை என்றால் 1. காலஸ் இருக்கிறது, ஆனால் கோடும் தெரிகிறது என்றால் 2. காலஸ் பாலம் போட்டுக் கோடு மறைந்துவிட்டால் 3. ஆக மொத்தம் 4-இலிருந்து 12 வரை. நீங்களும் இன்னொரு பிஜியும் ஒருவர் போட்டதை ஒருவர் பார்க்காமல் மார்க் போடுங்கள். இருபது எக்ஸ்-ரே தாண்டியதும் ஒன்று கண்ணில் படும்: ஆறு மாதமாகியும் 5, 6 என்று இழுக்கிற கேஸ்களில் சிலவற்றின் ஆபரேஷன் அன்றைய எக்ஸ்-ரேயைத் தேடி எடுத்தால், முறிவு இருந்த இடத்தில் இடைவெளியோடே லாக் பண்ணியிருப்பார்கள் (நெயிலை எலும்போடு ஸ்க்ரூ போட்டுப் பிடிப்பதுதான் லாக்). கீழே லாக் போட்டுவிட்டு, நெயிலைப் பின்னோக்கி லேசாகத் தட்டி இடைவெளியை மூடி, அப்புறம் மேலே லாக் போடுவது ஏன் என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. தியேட்டரில் பத்து தடவை சொல்லியிருந்தார்கள், காதில் ஏறவில்லை.

கைப்பழக்கத்துக்குத் தியேட்டர் கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டாம். பழைய ட்ரில், ஒரு மூங்கில் துண்டு, அதன் பின்னால் ஒட்டிய தெர்மோகோல் போதும். 3.5 மி.மீ. ஸ்க்ரூவுக்கு 2.5 மி.மீ. பிட், 4.5-க்கு 3.2. முதல் சுவரைத் துளைக்கும்போது ஒரு சத்தம், நடுவில் சட்டென்று வெறுமை, இரண்டாவது சுவரில் சத்தம் மறுபடி ஏறும், ஓட்டை விழப்போகும்போது மாறும். அந்த நொடியில் அழுத்தத்தை எடுக்காவிட்டால் பிட் பாய்ந்துவிடும், தெர்மோகோலில் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று பாருங்கள், நிஜத்தில் அங்கே ரத்தக்குழாய் இருக்கும். எனக்கு முதல் நாள் ஒன்றரை சென்டிமீட்டர்.

சி-ஆர்ம் (ஆபரேஷன் நடுவே படம் காட்டும் எக்ஸ்-ரே கருவி) எடுக்கும்போது எக்ஸ்-ரே குழாய் மேஜைக்குக் கீழே இருக்கட்டும், சிதறல் கதிர் முகத்துக்கு வருவது குறையும். தைராய்டு காலரும் (கழுத்தைக் கதிரிலிருந்து காக்கும் பட்டை) போடுங்கள், 'சூடாக இருக்கிறது' என்று கழற்றி வைக்காதீர்கள்.

லாக்புக்கை அன்றன்றைக்கு எழுதுங்கள். பார்த்தது, உதவியது, செய்தது என்பதோடு இன்னொரு வரி: எங்கே திணறினேன். திறந்த முறிவு என்றால் கஸ்டிலோ வகையை (காயத்தின் கடுமையைத் தரம் பிரிக்கும் முறை) காஷுவால்டியில் எழுதிவிடாதீர்கள், தியேட்டரில் காயத்தைத் திறந்து சுத்தம் செய்த பிறகு எழுதுங்கள். வெளியே ஒரு சென்டிமீட்டர் காயம், உள்ளே தசையெல்லாம் நசுங்கியிருக்கும்.

கடைசியாக, தீசிஸைக் கவிழ்ப்பது ஃபாலோ-அப்தான். தையல் பிரித்ததும் பாதிப்பேர் ஊருக்குப் போய்விடுவார்கள், சிலர் புத்தூர் கட்டுக்குப் போவார்கள், திட்டாதீர்கள், திட்டினால் அடுத்த தடவை வரமாட்டார்கள். நோயாளியின் நம்பரோடு மகள், மைத்துனர், பக்கத்து வீட்டுக்காரர் என்று இன்னும் இரண்டு நம்பர் வாங்கி வையுங்கள். பொங்கல், தீபாவளி வாரங்களில் ரிவியூ தேதி கொடுக்காதீர்கள். ஓபியில் அவரை வரிசையில் நிற்கவிடாமல் நீங்களே எக்ஸ்-ரே அறைக்குக் கூட்டிப்போங்கள். என் நோயாளிகளில் ஒரு பெரியவர் மூன்று மாதம் காணாமல் போனார், கடைசியில் மருமகன் நம்பரில்தான் பிடித்தேன். 'நீங்க கூப்பிடுவீங்கன்னுதான் தம்பி காத்துட்டிருந்தேன், தேதிச் சீட்டு மழையில நனைஞ்சு போச்சு' என்றார்.