ஊராட்சி மாநகராட்சியோடு சேர்ந்தபின் தெருப் பெயரும் கதவு எண்ணும்: எதை எப்போது செய்வது

சேலம் 1994 ஜூன் 1 அன்று மாநகராட்சி ஆனபோது சூரமங்கலம் நகராட்சியும் சுற்றியிருந்த ஊராட்சிகளும் அதோடு சேர்ந்தன. முப்பது வருடம் தாண்டிவிட்டது. இன்றைக்கும் அந்தப் பகுதிகளில் சில வீட்டுச் சுவர்களில் பஞ்சாயத்து காலத்து எண் ஒன்று, மாநகராட்சி கொடுத்த எண் ஒன்று, கணக்கெடுப்புக்கு வந்தவர்கள் பெயின்டில் எழுதிவிட்டுப் போன எண் ஒன்று என்று மூன்று எண்களைப் பார்க்கலாம். நகரம் கருப்பூர், கன்னங்குறிச்சி, அயோத்தியாப்பட்டணம் என்று எல்லாப் பக்கமும் வளர்ந்துகொண்டே போகிறது, எல்லை விரியும் ஒவ்வொரு முறையும் இதே குழப்பம் திரும்ப வரும். அதனால் உங்கள் ஊராட்சி சேரப்போகிறது என்றாலோ, சேர்ந்து இன்னும் எண் வரவில்லை என்றாலோ, இப்போதே உட்கார்ந்து சில வேலைகளைச் செய்துவிடுங்கள்.

முக்கியமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். புது எண் வருவதால் யாருக்கும் நஷ்டம் இல்லை. இந்தப் பழைய எண்தான் இந்தப் புதிய எண் என்பது எழுத்தில் எங்கும் இல்லாமல் போகும்போதுதான் பிரச்சினை ஆரம்பிக்கிறது. பத்து வருடம் கழித்து வீட்டை விற்கப் போகும்போதோ, அப்பா காலமாகி வாரிசுகள் பெயர் மாற்றப் போகும்போதோ, பத்திரத்தில் ஒரு எண்ணும் வரி ரசீதில் வேறொரு எண்ணும் இருக்கும், இரண்டும் ஒரே வீடுதான் என்று யார் சொல்வது என்ற கேள்வி வரும். கீழே எழுதியிருப்பது எல்லாம் அந்த ஒரு கேள்விக்குப் பதிலை முன்கூட்டியே தயார் பண்ணி வைப்பதற்குத்தான்.

பஞ்சாயத்து எண்கள் எப்படி வந்தன என்று தெரிந்தால் இது ஏன் இவ்வளவு சிக்கல் என்று புரியும். 3/127-பி என்று இருந்தால் 3 என்பது வார்டு, 127 என்பது வரிப் பதிவேட்டில் அந்த வீடு ஏறிய வரிசை, பி என்பது பின்னால் பிரித்தது அல்லது பக்கத்தில் கட்டிச் சேர்த்தது. வீடு கட்டக் கட்ட எண் கொடுத்ததால் 3/127க்குப் பக்கத்து வீடு 3/14 ஆக இருக்கும், எதிர் வீடு 3/260 ஆக இருக்கும். ஊரில் எல்லாருக்கும் எல்லாரையும் தெரிந்தவரை இது ஓடியது. தபால்காரருக்கு வீட்டுக்காரர் பெயரே போதும். 108 ஓட்டி வருகிறவருக்கு அது போதாது, ராத்திரி நேரத்தில் நெஞ்சு வலி என்று கூப்பிடுகிறவர் வீட்டை அவர் எண் வரிசையைப் பிடித்துக்கொண்டு கண்டுபிடிக்க முடிய வேண்டும். இந்த வேலையில் எனக்கு அக்கறை வந்ததே இதனால்தான்.

சரி, முதல் வேலை. பஞ்சாயத்து அலுவலகம் இருக்கும்போதே வீட்டு வரி பாக்கி இல்லாமல் கட்டி ரசீது வாங்குங்கள். பழைய ரசீதுகள் எத்தனை கிடைத்தாலும் எடுத்து ஒரு பிரதி போட்டு வையுங்கள். வரி யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள், தாத்தா பெயரிலேயே இருந்தால் சேர்வதற்கு முன்பே மாற்றிவிடுவது நல்லது. பதிவேடுகள் கை மாறும்போது ஒரு எழுத்து பிசகினாலும் அதைச் சரி பண்ணப் பிறகு பல தடவை நடக்க வேண்டி வரும்.

அடுத்தது தெருப் பட்டியல். இதில்தான் நேரம் செலவழிக்க வேண்டும். ஒரு நீள நோட்டில் தெருவின் தொடக்கத்திலிருந்து கடைசி வரை ஒவ்வொரு வீட்டையும், காலி மனையையும், சந்து பொந்துகளையும் வரைந்துகொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் பழைய எண், வரி விதிப்பு எண், மின் இணைப்பு எண், சர்வே எண், எத்தனை மாடி, எத்தனை குடித்தனம், வாசல் எந்தப் பக்கம் என்று எழுதுங்கள். மூலை வீடு இரண்டு தெருவையும் தொடும், வாசல் எந்தத் தெருவில் இருக்கிறதோ அந்தத் தெருவின் எண்ணைத்தான் கேட்க வேண்டும். கொண்டலாம்பட்டி, அம்மாப்பேட்டை மாதிரி இடங்களில் வீட்டை ஒட்டியே தறிக்கூடம் இருக்கும், வேறு சில இடங்களில் வெள்ளிப் பட்டறை இருக்கும், அவற்றுக்குத் தனி மின் இணைப்பும் இருக்கும். எண் போட வருகிறவர் வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே கட்டடமாகத்தான் தெரியும். விசைத்தறி இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 1000 யூனிட் வரை இலவசம் என்று இருக்கும்போது அந்த இணைப்பு எந்தக் கட்டடத்துக்கு உரியது என்பதில் சந்தேகம் வரவே கூடாது. வீடு 14, தறிக்கூடம் 14-ஏ என்று தனியாகக் கேட்டு வாங்குங்கள்.

எண் போடுவதற்கு எல்லாருக்கும் புரிகிற முறை ஒன்றுதான். பெரிய ரோட்டிலிருந்து தெருவுக்குள் நுழையும் இடம் தொடக்கம், இடப்பக்கம் ஒற்றைப்படை, வலப்பக்கம் இரட்டைப்படை. இதில் ஒரு விஷயத்தை மட்டும் விடாமல் சொல்லுங்கள்: காலி மனைக்கும் எண் ஒதுக்கச் சொல்லுங்கள். புதிதாகச் சேர்ந்த பகுதிகளில் பாதித் தெரு காலி மனைதான், இன்றைக்குக் கட்டியிருக்கிற வீட்டுக்கு மட்டும் 1, 3, 5 என்று போட்டுவிட்டால் ஐந்து வருடத்தில் 3-ஏ, 3-பி, 3-பி/1 என்று பழைய பஞ்சாயத்துக் கதையே திரும்பிவிடும். பெரிய மனையாக இருந்து நாளைக்கு இரண்டாகப் பிரியும் என்று தெரிந்தால் இரண்டு எண் விட்டு வைக்கச் சொல்லலாம்.

சேர்வராயன் மலை அடிவாரப் பக்கம், மேடும் தோட்டமுமாக வீடுகள் தள்ளித் தள்ளி இருக்கிற இடங்களில் இந்த முறை சரியாக வராது. அங்கே தூரத்தை வைத்து எண் போடுவது நல்லது. ஆஸ்திரேலியாவில் கிராமப்புறச் சாலைகளுக்கு இப்படித்தான் செய்கிறார்கள், சாலை தொடங்கும் இடத்திலிருந்து எத்தனை மீட்டர் என்று அளந்து பத்தால் வகுத்து, பக்கத்தைப் பொறுத்து ஒற்றை அல்லது இரட்டை எண்ணாக ஆக்குகிறார்கள். 240 மீட்டரில் இருக்கிற வீடு 24. நடுவில் எத்தனை வீடு புதிதாக வந்தாலும் எண் மாறாது, எண்ணைப் பார்த்தாலே எவ்வளவு தூரம் போக வேண்டும் என்றும் தெரிந்துவிடும். நம் பக்கத்தில் இது வழக்கத்தில் இல்லை, ஆனாலும் மலையடிவாரத்துத் தெருக்காரர்கள் கேட்டுப் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம்.

இப்போது பெயர். ஒவ்வொரு ஊரிலும் ஒரு மாரியம்மன் கோவில் தெரு, ஒரு பிள்ளையார் கோவில் தெரு, ஒரு காந்தி தெரு, ஒரு பள்ளிக்கூடத் தெரு இருக்கிறது. தனித்தனி ஊராக இருந்தவரை பரவாயில்லை, எல்லாம் ஒரே மாநகராட்சிக்குள் வந்தால் ஒன்றையொன்று பிரித்தறிய முடியாது. பெயர் மாற்றாமலே சமாளிக்க ஒரு வழி இருக்கிறது, ஊர்ப் பெயரை விடாமல் முன்னால் சேர்த்துக்கொள்வது. நரசோதிப்பட்டி மாரியம்மன் கோவில் தெரு என்றால் யாரும் தடுமாற மாட்டார்கள். சேர்ந்த பிறகு ஊர்ப் பெயரை எடுத்துவிட்டு வெறும் வார்டு எண்ணைப் போடுவதைத்தான் நான் கடுமையாக எதிர்ப்பேன், வார்டு எண் அடுத்த மறுவரையறையில் மாறிவிடும், ஊர்ப் பெயர் மாறாது.

மாற்றியே ஆக வேண்டும் என்று வந்தால், தெருவுக்குள் ஏற்கெனவே புழங்குகிற பெயர் ஏதாவது இருக்கிறதா என்று வயசானவர்களைக் கேளுங்கள். ஏரிக்கரை, ஓடை, மேடு, கிணறு, சந்தை என்று ஏதாவது ஒன்று இருக்கும். சேலம் ஏரிகளின் ஊர், மூக்கனேரி, பள்ளப்பட்டி ஏரி, குமரகிரி ஏரி என்று இன்னும் இருப்பவையும் உண்டு, வீடுகளாகிப் போனவையும் உண்டு. போன ஏரியின் பெயர் தெருவிலாவது இருக்கட்டும், மழைக்காலத்தில் தண்ணீர் ஏன் இந்தப் பக்கம் வருகிறது என்றாவது பின்னால் வருகிறவர்களுக்குத் தெரியும். செவ்வாய்ப்பேட்டைக்கு அங்கே கூடிய சந்தைதான் பெயர் கொடுத்தது, இன்றைக்கும் அந்தப் பெயர் நிற்கிறது. முதல் குறுக்குத் தெரு, இரண்டாவது குறுக்குத் தெரு என்று அடுக்கிக்கொண்டே போவது சுலபம், ஆனால் அடுத்த மனைப்பிரிவிலும் அதே பட்டியல் இருக்கும்.

சாதிப் பெயர் உள்ள தெருக்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2025 ஏப்ரலில் ‘காலனி’ என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்குவதாக முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார், அக்டோபரில் குடியிருப்பு, தெரு, சாலை, நீர்நிலைகளின் சாதிப் பெயர்களை மாற்றுவதற்கான அரசாணையும் வந்தது. முகவரியைப் பார்த்தே சாதி தெரிந்துவிடுகிற நிலைமையில் வேலைக்கு விண்ணப்பம் போட்ட பிள்ளைகளுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று அந்தத் தெருவில் வாழ்ந்தவர்களுக்குத் தெரியும். எண் மாறுகிற சமயத்திலேயே இந்தப் பெயரையும் மாற்றக் கேளுங்கள், ஆவணங்களை இரண்டு தடவை திருத்துகிற அலைச்சல் மிச்சம். புதுப் பெயரை அந்தத் தெருக்காரர்கள்தான் தேர்வு செய்ய வேண்டும், அடுத்த தெருக்காரர்கள் சொல்லக் கூடாது.

கோரிக்கை மனுவைக் கவுன்சிலரிடம் ஒன்று, மண்டல அலுவலகத்தில் உதவி ஆணையரிடம் ஒன்று கொடுங்கள். சேலத்தில் சூரமங்கலம், அஸ்தம்பட்டி, அம்மாப்பேட்டை, கொண்டலாம்பட்டி என்று நான்கு மண்டலங்கள், உங்கள் பகுதி எதில் வருகிறது என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். மனுவோடு தெருப் பட்டியல், வீட்டுக்காரர்கள் கையெழுத்து இரண்டும் இருக்க வேண்டும். வார்டுக்குள் அந்தந்தப் பகுதி மக்கள் கூடிப் பேசுகிற ஏரியா சபைக் கூட்டம் நடந்தால் அங்கேயும் பேசிப் பதிவு பண்ணச் சொல்லுங்கள். பெயர் மாற்றம் மாமன்றத் தீர்மானம் ஆக வேண்டும், அதற்கு மேல் அரசின் ஒப்புதலும் வேண்டும், அதனால் உடனே நடக்காது. ஒப்புகைச் சீட்டு வாங்காமல் எந்த மனுவையும் கொடுக்காதீர்கள். பதிலே வரவில்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு மனு போட்டு, எங்கள் மனு எந்த நிலையில் இருக்கிறது என்று கேளுங்கள், 30 நாளுக்குள் பதில் சொல்லியாக வேண்டும்.

எண் வந்த பிறகு வரிசை முக்கியம். முதலில் சொத்து வரிப் பதிவில் புதிய எண் ஏறியிருக்கிறதா, பழைய எண்ணும் பக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய எண் இல்லை என்றால் இரண்டும் ஒரே கட்டடம்தான் என்று எழுத்தில் ஒரு சான்று கேட்டு வாங்கிவிடுங்கள், இந்தக் காகிதத்தைப் பத்திரத்தோடு சேர்த்து வையுங்கள். அடுத்து மின் வாரியத்தில் முகவரியைத் திருத்துங்கள். இரண்டும் முடிந்தபின்தான் ஆதார், ஏனென்றால் ஒரு வருடத்துக்குள் கட்டிய சொத்து வரி ரசீதையும் மூன்று மாதத்துக்குள் வந்த மின் கட்டண ரசீதையும் ஆதாருக்கு முகவரிச் சான்றாக எடுத்துக்கொள்கிறார்கள். அப்புறம் ரேஷன் கார்டு, படிவம் 8 கொடுத்து வாக்காளர் பட்டியல், வங்கி, கேஸ், ஓட்டுநர் உரிமம். நடுவில் எதையாவது தனியாக மாற்றிவிட்டால் ஒன்றோடொன்று பொருந்தாமல் நிற்கும்.

சொத்து வரி என்று வந்ததும் இன்னொன்று. மாநகராட்சியில் அரையாண்டுக்கு ஒரு தடவை கட்ட வேண்டும், ஏப்ரலிலும் அக்டோபரிலும் முதல் 30 நாளுக்குள் கட்டினால் 5 சதவீதம் தள்ளுபடி உண்டு.

பழைய பத்திரத்தில் எதையும் திருத்த வேண்டாம், திருத்தவும் கூடாது. நிலத்தை அடையாளம் காட்டுவது சர்வே எண்ணும் நான்கெல்லையும்தான், கதவு எண் மாறியதால் உரிமை மாறாது. அடுத்து எழுதுகிற பத்திரத்தில் பழைய கதவு எண், புதிய கதவு எண், பழைய தெருப் பெயர், புதிய தெருப் பெயர் நான்கையும் சொத்து விவரத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். வில்லங்கச் சான்று போடும்போது சர்வே எண்ணை வைத்துத் தேடுங்கள், கதவு எண்ணை மட்டும் நம்பினால் பழைய பதிவு விட்டுப்போகலாம். பின்னாளில் நகர நில அளவை நடந்து சர்வே எண்ணே மாறினால், பழைய சர்வே எண்ணுக்கு எந்தப் புதிய எண் வந்தது என்பதையும் அன்றைக்கே எழுதி வாங்குங்கள்.

பின்கோடைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். அது அஞ்சல் துறையின் எண், மாநகராட்சி எல்லை மாறியதால் அது தானாக மாறாது. வீட்டு வாசலில் புது எண்ணைப் பெரிதாக எழுதி, கீழே பழைய எண்ணைச் சிறியதாக எழுதி வையுங்கள், பல வருடத்துக்கு அழிக்க வேண்டாம். உங்கள் பகுதிக்குக் கடிதம் பட்டுவாடா செய்கிற அஞ்சலகத்துக்குத் தெருப் பட்டியலின் ஒரு பிரதியைக் கொடுத்துவிடுங்கள். கூகுள் மேப்பில் புதுப் பெயரைத் திருத்தப் பரிந்துரை அனுப்புங்கள், ஒருவர் அனுப்புவதை விடத் தெருவில் நாலைந்து பேர் அனுப்பினால் சீக்கிரம் ஏறும் வாய்ப்பு அதிகம். 108ஐக் கூப்பிடும்போது தெருப் பெயரோடு ஊர்ப் பெயரையும் அருகில் உள்ள பெரிய அடையாளத்தையும் சேர்த்துச் சொல்லப் பிள்ளைகளுக்குப் பழக்குங்கள்.

வாடகைக்கு இருப்பவர்களையும் கூட்டத்துக்குக் கூப்பிடுங்கள். வரி ரசீது அவர்கள் பெயரில் இருக்காது, புது எண் போட்ட வாடகை ஒப்பந்தம் கிடைத்தால்தான் ஆதாரிலிருந்து பள்ளிக்கூடச் சேர்க்கை வரை அவர்களால் எதையும் மாற்ற முடியும். வீட்டுக்காரர்கள் புது எண் வந்த மாதமே அந்த ஒப்பந்தத்தைத் திருத்தி எழுதிக் கொடுத்துவிட வேண்டும்.