'கெட்' (get) என்ற குட்டி வினைச்சொல்லைப் பிடிப்பது எப்படி?

ஆங்கிலம் கற்கத் தொடங்குகிறவர்களைத் தடுமாற வைப்பது பெரும்பாலும் நீளமான சொற்கள் அல்ல, 'கெட்' போன்ற குட்டிச் சொற்கள்தான். அகராதியில் இதற்குப் பக்கம் பக்கமாகப் பொருள் இருக்கும். மனப்பாடம் செய்ய வேண்டாம். ஒரு தாளும் பேனாவும் போதும்.

படி 1: தெரிந்த வாக்கியங்களை எழுதுங்கள். 'கெட்'டின் இறந்தகால வடிவம் 'காட்' (got). 'ஐ காட் எ லெட்டர்' என்றால் கடிதம் கிடைத்தது. 'ஷீ காட் ஆங்ரி', கோபப்பட்டாள். 'வீ காட் ஹோம்', வீடு வந்து சேர்ந்தோம். 'ஐ கெட் இட்', புரிகிறது.

படி 2: நான்குக்கும் அடியில் ஒரே செயலைத் தேடுங்கள். கைக்கு வருவது, எட்டிப் பிடிப்பது. கடிதம் கைக்கு வந்தது, வீட்டை எட்டினோம், கோபம் வந்தது. புரிவதற்கு நாமும் 'பிடிபட்டது' என்றுதானே சொல்கிறோம்?

படி 3: இப்போது பிறப்பு. இங்கே கொஞ்சம் நிதானமாகப் போவோம். 9ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் குடியேறிய ஸ்காண்டிநேவியக் கடலோடிகளான வைக்கிங்குகள் பேசிய பழைய நார்ஸ் மொழியின் 'கெட்டா' என்ற வினைதான் இது. அடைவது, பிள்ளை பெறுவது இரண்டுமே அதன் பொருள். நம் 'பெறு'வும் அப்படித்தான்: பரிசு பெற்றாள், பிள்ளை பெற்றாள். தொடர்பில்லாத இரு மொழிகள் ஒரே வழியில் யோசித்திருப்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

பழைய ஆங்கிலத்திலும் இதே குடும்பத்துச் சொல் இருந்தது. ஆனால் பெரும்பாலும் முன்னொட்டுடன்தான் வரும், 'க' இருக்கும் இடத்தில் 'ய' ஒலிக்கும். நார்ஸ் வராவிட்டால் இன்று 'யெட்' என்று சொல்லிக்கொண்டிருப்போம். அந்தக் குடும்பத்தில் எனக்கு மிகப் பிடித்தது 'ஃபர்கெட்'. 'ஃபர்' இங்கே விலகலையும் இழப்பையும் காட்டுகிறது. பிடித்ததை நழுவ விட்டால் அதுதான் மறதி!

படி 4: 'கெட்'டின் மூன்றாம் வடிவமாக வரும் 'காட்டன்' (gotten) என்பதைத் தவறென்று அடிக்காதீர்கள். அது பழைய வடிவம். அமெரிக்காவில் வாழ்கிறது, பிரிட்டனில் பெரும்பாலும் 'காட்' ஆகிவிட்டது. அதே பிரிட்டனில் 'ஃபர்காட்டன்' மட்டும் அப்படியே நிற்கிறது.

படி 5: சரி, இப்போது உங்கள் முறை. 'கெட் ஓவர்' என்றால் காய்ச்சலிலிருந்தோ துக்கத்திலிருந்தோ மீள்வது. 'ஓவர்' என்றால் மேலே, தாண்டி. அகராதியைத் திறக்காமல், அந்தப் பொருள் எப்படி வந்தது என்று ஒரு வரி எழுதிப் பாருங்கள். அப்புறம் 'கெட் அப்', 'கெட் அவே' இரண்டையும் இதேபோல் பிரித்துப் பாருங்கள்.