நாலு தசமத் தராசில் எண் நிற்காமல் ஓடினால் என்ன செய்வது?

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையின் வயல் மண்ணை எரித்து, அதில் எவ்வளவு சேதனப் பொருள் இருக்கு என்று பார்க்கிற வேலை எனக்கு. கிராமில் நாலு தசமம், அதாவது 0.1 மில்லிகிராம் வரை காட்டுற தராசோடு ரெண்டு நாள் மல்லுக்கட்டின பிறகு இதை எழுதுகிறேன். மண்ணின் ஈரப்பதம் மட்டும்தான் வேணுமென்றால் இந்தத் தராசைத் தொடவே வேணாம், ரெண்டு தசமத் தராசே தாராளம்.

படி 1: மட்டக்குமிழி வட்டத்துக்கு நடுவில் நிற்குதா என்று பாருங்க. இல்லாட்டி கால் திருகுகளைத் திருப்பி நடுவுக்குக் கொண்டு வாங்க. தராசை ஒரு மணித்தியாலமாவது போட்டு வைங்க. இடையில் கரண்ட் போனால் திரும்பவும் காத்திருக்கத்தான் வேணும்.

படி 2: ஃபேனை நிப்பாட்டி, யன்னலையும் சாத்துங்க. கச்சான் காற்று வீசுற நாளில் 0.1 மில்லிகிராம் படிப்பதெல்லாம் கனவு. பிறகு அளவுதிருத்தம், அதாவது தெரிந்த நிறையை வைத்துத் தராசைச் சரிப்படுத்துறது. வெளிப் படிக்கல்லென்றால் இடுக்கியால் மட்டும் தூக்குங்க, விரல் அழுக்குக்கும் நிறை உண்டு.

படி 3: வெறும் புடக்குகையை, அதாவது மண்ணைப் போட்டு எரிக்கிற சின்னப் பாத்திரத்தை, நிறுங்க.

நான் விழுந்தது இங்கதான். ஓவனால எடுத்த புடக்குகை கையில் சுடவில்லை, ஆறிட்டு என்று வைத்தேன். 18.2417 காட்டினது மெல்ல மெல்ல ஏறி 18.2463 வரை போனது. தராசு பழுது என்று சொல்லி, அதைத் திருப்பித் திருப்பி அளவுதிருத்தினதுதான் மிச்சம். காரணம் லேசான சூடு. சூடான பாத்திரத்தைச் சுற்றியுள்ள காற்று மேலே எழும்பும், அந்த இழுவையில் நிறை குறைந்து தெரியும். ஆற ஆற எண் ஏறும். 4.6 மில்லிகிராம் சின்னதாகத் தெரியலாம், 2 கிராம் மண்ணில் அது 0.23 சதவீதம். எரித்த பிறகு சூட்டோடு நிறுத்தால் சாம்பல் குறைந்து, சேதனப் பொருள் கூடினது போல் வரும்.

அதனால டெசிக்கேட்டரில், அதாவது ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்ட மூடியுள்ள கண்ணாடிப் பாத்திரத்தில், முக்கால் மணித்தியாலம் ஆற விடுங்க. மூடியை உடனே இறுக்க வேணாம், உள்ளே காற்று விரிந்து மூடியைத் தள்ளும். ஒரு நிமிசம் கொஞ்சம் திறந்து வைத்துவிட்டு மூடுங்க. ஆறினதும் மூடியைத் தூக்காமல் மெதுவாக நகர்த்துங்க. காற்று திடீரென்று உள்ளே பாய்ந்தால் சாம்பல் பறந்துவிடும். நீலச் சிலிக்கா ஜெல் இளஞ்சிவப்பாக மாறியிருந்தால் அது ஈரம் குடித்துவிட்டது, ஓவனில் காயவைத்து எடுங்க. வாவிக்கரை ஊரில் இது அடிக்கடி நடக்கும்.

படி 4: வெறும் புடக்குகை தராசில் இருக்க எண்ணைச் சைபராக்கி, மண்ணைக் கரண்டியால் போடுங்க, புடக்குகையை வெளியில் எடுத்துத்தான். தட்டில் சிந்தினால் தூரிகை. எல்லாக் கண்ணாடிக் கதவையும் மூடி, நிலைத்த குறி வந்ததும் குறிங்க. கொப்பியில்தான், கையில் இல்ல.

பொருளைப் போட்டு நிறுக்கிற பிளாஸ்டிக் தட்டு எனக்குப் பிடிக்காது. ஏசி அறையில் நிலைமின் ஏறி எண் ஆடும். சின்னக் கண்ணாடிக் குப்பிதான் என் தெரிவு.

பின்சேர்க்கை: சோடியம் ஐதரொட்சைட்டு ஆறித்தான் இருக்கு, ஆனாலும் எண் ஏறுது என்று ஒரு தங்கச்சி கேட்டிருந்தா. அது சூடு இல்ல, காற்றிலுள்ள நீரையும் காபனீரொட்சைட்டையும் உறிஞ்சுது. மூடியுள்ள குப்பியில் கெதியா நிறுத்துக் கரைங்க. நாலாம் தசமத்தைத் துரத்த வேணாம், சரியான செறிவைப் பிறகு நியமிப்பில், அதாவது செறிவு தெரிந்த அமிலத்தோடு தாக்கவிட்டு, பிடிக்கலாம்.