ஐ20, பலேனோ, அல்ட்ரோஸ்: டெஸ்ட் டிரைவில் ஒப்பிடுவது இப்படி

இந்த மூன்று கார்களையும் ஒரே நாளில், ஒரே பாதையில் ஓட்டிப் பாருங்கள். கிளம்பும் முன் டயர் காற்றை அளப்பது முக்கியம். ஓட்டுநர் பக்கக் கதவை ஒட்டிய ஸ்டிக்கரில் உள்ள அளவை விடக் கூடியிருந்தால் நல்ல காரும் குலுக்கும். குறைந்திருந்தால் ஸ்டீயரிங் மந்தமாகும், மைலேஜும் இறங்கும். இதைப் பார்க்காமல் செய்யும் ஒப்பீடு செல்லாது.

மதுரை மாசி வீதி நெரிசலில் கிளட்ச் கனமும் இரண்டாம் கியர் இழுவையும் தெரிந்துவிடும். பிறகு ரிங் ரோட்டில் 80 கி.மீ. வேகத்தில், பின்னால் வண்டி இல்லாதபோது மெதுவாகத் தடம் மாறுங்கள். வண்டியின் உடம்பு ஒரு பக்கம் சாய்ந்து நிமிரத் தாமதமானால் சஸ்பென்ஷன் மென்மை. வேகத்தடைகளை நான்கு பேர் உட்கார்ந்தபடி கடக்க வேண்டும். அடி தட்டுவது அப்போதுதான் தெரியும். மதியம் இரண்டு மணி வெயிலில் போனால் பின் சீட்டுக்கு ஏசி எட்டுகிறதா என்பதும் புரியும். வீட்டுப் பெரியவர்களைப் பின்னால் உட்கார வையுங்கள், அவர்கள் முழங்கால் சொல்வதே தீர்ப்பு.

மைலேஜுக்கு டிரிப் மீட்டரைப் பூஜ்யமாக்கிவிட்டுக் கிளம்புங்கள். திரையில் வரும் எண் தோராயம்தான், ஆனால் ஒரே பாதை என்பதால் ஒப்பிட உதவும்.

கதவுச் சத்தத்தை வைத்து உறுதியை எடைபோடாதீர்கள். விபத்துச் சோதனை மதிப்பீட்டைப் பாருங்கள்: அல்ட்ரோஸ் 2020-இல் குளோபல் என்கேப் என்ற அமைப்பின் சோதனையில் பெரியவர்கள் பாதுகாப்புக்கு 5 நட்சத்திரம் வாங்கியது. டொயோட்டா கிளான்ஸாவைத் தனியாக ஓட்ட வேண்டியதில்லை, அடிப்படையில் அது பலேனோதான்.